குரைத்தால் பொறை

அன்று நான் கயிற்றை இழுக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்?

பாத்திரம் தேய்க்கும்போதும், மகளுக்குத் தலை வாரும்போதும் இந்தக் கேள்வி வந்து நின்றுவிடுகிறது. ஒன்றும் நடந்திருக்காது, இரண்டு நாய்களும் ஒன்றையொன்று மோந்து பார்த்துவிட்டுத் தம் வழியே போயிருக்கும் என்று சில நாள் தோன்றும். நான் இழுத்ததால்தான் அந்தச் செவலை நாய் இன்னும் உயிரோடு திரிகிறது என்று சில நாள் தோன்றும். இரண்டையுமே என்னால் நம்ப முடிகிறது.

நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்புறம், மனை போட்டு விற்ற ஒரு நகரில். நாற்பது மனைகளில் பதினைந்தில்தான் வீடு எழும்பியிருக்கிறது. மற்றவற்றில் எல்லைக்கல்லும் சீமைக்கருவேலமும். மாடியில் வீட்டுக்கார அக்கா. கீழே நாங்கள் மூன்று பேர். கணவர் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். ஒரு வாரம் காலை ஷிப்ட், ஒரு வாரம் மதிய ஷிப்ட், ஒரு வாரம் நைட். மகளுக்கு இரண்டு வயது. நான் கணக்கில் முதுகலை முடித்தவள். கடம்பத்தூரில் ரயில் சத்தத்துக்கும் ஆள் சத்தத்துக்கும் நடுவில் வளர்ந்தவள். இங்கே லாரி சத்தம் உண்டு, ஆள் சத்தம் இல்லை. எதிர் வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம். அந்தப் பெண்ணும் நானும் ஒன்றரை வருடமாகச் சிரித்துக்கொள்கிறோம். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை.

நைட் ஷிப்ட் வாரத்தில் ஒருமுறை போனில், "தனியா இருக்க பயமா இருக்குதுங்க" என்று சொன்னேன். அவர், மெஷின் நிற்கிறது என்று போனை வைத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து ஆப்பிள் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். உள்ளே நாற்பத்தைந்து நாள் ராட்வீலர் குட்டி. கூட வேலை செய்பவர் வீட்டில் போட்ட குட்டியாம்.

"இன்னும் ஒரு வருசம் போவட்டும். இது கேட்டாண்ட சும்மா நின்னாலே போதும், ஒருத்தன் உள்ள வரமாட்டான்" என்றார்.

கறுப்பு உடம்பு, புருவத்துக்கு மேல் இரண்டு பழுப்புப் பொட்டு. மாடியிலிருந்து இறங்கிவந்த அக்கா அதன் முன்காலைப் பிடித்துப் பார்த்தார். "இன்னாம்மா, நாய்க்குட்டின்னு சொன்ன, கன்னுக்குட்டி காலு மாதிரி இருக்குது! ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. தெருநாயோட மட்டும் சேர உட்றாத. சேந்துச்சின்னா அதுங்க மாதிரி கண்டவனுக்கும் வாலாட்டும். அப்புறம் காவலுக்கு ஒதவாது."

கால்நடை மருந்தகத்தில் மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் நடுவில், ஒரு கையில் மகளும் மறு கையில் குட்டியுமாக வரிசையில் நின்றேன். மருத்துவர் என் வயதுதான் இருப்பார். "மூணு ஊசியும் முடியற வரைக்கும் தெருவுல கீழ எறக்காதீங்க. நோய் வந்த நாய் இருந்த எடத்த மோந்தாலே போதும், ஒட்டிக்கும்" என்றார். மகளின் தடுப்பூசித் தேதிகள் எழுதியிருந்த நோட்டில், அடுத்த பக்கத்தில் அதையும் எழுதி அடிக்கோடு போட்டேன். சொன்னதைச் செய்வது எனக்கு எப்போதும் சுலபம். கீழே இறக்கக் கூடாது என்றால் கேட்டைத் தாண்டவே கூடாது என்று எடுத்துக்கொண்டேன். மகளுக்குக் காய்ச்சல் வந்ததில் மூன்றாவது ஊசி தள்ளிப்போனது. எல்லாம் முடிந்தபோது குட்டிக்கு ஐந்து மாதம். அதுவரை அது வேறொரு நாயின் பக்கத்தில் நின்றதே இல்லை. கேட்டுக் கம்பி வழியாகப் பார்த்ததுதான்.

பிறகு ஒருநாள் அதே மருத்துவர், "கீழ எறக்காதீங்கன்னுதானே சொன்னேன், தூக்கினு போயி நாலு நாயக் காட்டியிருக்கலாமே" என்றார். ஒரு இடுப்பில் மகள் இருந்தாள், இன்னொரு இடுப்பு சும்மாதான் இருந்தது என்பது அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் பெரிய தவறு அதுவல்ல.

ஷிப்ட் வேலைக்காரர்களின் வீடுகளில் பகல் தூக்கம்தான் எல்லாவற்றுக்கும் மேலான சங்கதி. நைட் முடித்துக் காலை ஏழு மணிக்கு வருபவர் மதியம் இரண்டு வரை தூங்கியாக வேண்டும். மெஷினில் கை வைக்கிற வேலை. தூக்கமில்லாமல் போய் விரலை விட்டுவந்தவர்களின் கதை இந்தப் பக்கம் எல்லா வீடுகளிலும் தெரியும். அதனால் அந்த வாரம் மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் வராது, மகள் அழத் தொடங்கும் முன்பே தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவேன். குட்டியைத்தான் அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. தெருநாய் ஏதாவது கேட்டைக் கடந்தால் ஓடிப்போய்க் குரைக்கும். நான் பின்னாலேயே ஓடி, நாய்களுக்கென்று டீக்கடையில் விற்கிற காய்ந்த ரொட்டித் துண்டு, பொறை, அதில் ஒன்றை வாயில் திணிப்பேன். உடனே சத்தம் நின்றுவிடும். எவ்வளவு எளிதாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பொறை பாக்கெட்டைக் கதவுக்குப் பின்னாலேயே ஆணியில் மாட்டி வைத்தேன். மூன்று வாரத்துக்கு ஒரு வாரம், ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறையாவது இது நடந்திருக்கும்.

நான் கயிற்றை இழுத்தது ஒரு காலையில். அவருக்கு அன்று மதிய ஷிப்ட். வீட்டில்தான் இருந்தார், குளித்துக்கொண்டிருந்தார். குட்டிக்கு முதல் வாரத்து நடை. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கயிற்றை வலது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு டிரான்ஸ்பார்மர் வரை போனேன். அங்கே செவலை நாய் படுத்திருந்தது. பல ஈற்றுக் கண்ட நாய், மடி தொங்கிப்போனது. எங்களைப் பார்த்து எழுந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாக வந்தது. வால் ஆடியதா, விறைப்பாக நின்றதா, இப்போது நினைவில்லை. நான் அதன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குட்டி குரைக்கவில்லை. காதுகள் முன்னால் வந்தன, உடம்பு இறுகியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும்போது பயந்துபோய்க் கயிற்றைச் சுண்டி இழுத்தேன்.

குட்டி பின்னங்கால்களில் எழும்பியது. அப்புறம் பல்லும் சத்தமும் புழுதியும்தான். செவலையின் காது கிழிந்தது. குட்டிக்கு மூக்கில் கடி. கையில் சுற்றிய கயிறு என்னையும் சேர்த்து இழுத்தது. முழங்கால் தரையில் மோத, மகளின் முகம் மண்ணில் இடித்தது. கீழுதடு பிளந்து ரத்தம் வந்தது. பால்பல் ஒன்றின் நுனி உடைந்துபோனது. ஓடிவந்த எதிர்வீட்டுப் பெண், தன் மகனை உள்ளே இழுத்துவிட்டுக் கேட்டைச் சாத்தினார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் அந்தத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஈரத் துண்டோடு ஓடிவந்த கணவர் மகளை வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய், மகளுக்கு மருந்து போட்டு, வீடு வந்து, அவள் தூங்கிய பிறகுதான் பேசினார்.

"போதும். பள்ளிப்பட்டுக்கு அனுப்பிடலாம். நம்ம அண்ணன் மாந்தோப்புக்குக் காவல் இல்லாம அல்லாடிக்கினு கீறான். கட்டிப்போட்டு சோறு போடுவான்."

"கட்டியேவா?"

"பின்ன இன்னா, சோபால உக்கார வெச்சி டிவி காட்டுவானா?"

அந்தத் தோப்பை எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் போயிருக்கிறோம். மோட்டார் ஷெட்டின் பக்கத்தில் அப்போது ஒரு நாய் இருந்தது. சங்கிலி எட்டும் அளவுக்கு அதைச் சுற்றித் தரை வட்டமாகத் தேய்ந்து கிடந்தது. எங்களைப் பார்த்து நாங்கள் கிளம்பும் வரை குரைத்துக்கொண்டே இருந்தது.

"எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க. பழக்கிப் பாக்கறேன்" என்றேன்.

"எதுக்குப் பழக்கணும்? கொழந்த வாயப் பாத்தியா?"

பார்த்திருந்தேன். ஆனாலும் குட்டியை எதற்காக வைத்துக்கொள்ள நினைக்கிறேன் என்று என்னிடமே சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. பகல் முழுவதும் நான் முழு வாக்கியமாகப் பேசுவது அதனிடம் மட்டும்தான். மகளிடம் அவள் மொழியில் பாதிச் சொற்கள். கணவரிடம் சாப்பிட்டாச்சா, தண்ணி வந்துச்சா. குட்டியிடம்தான், இன்றைக்கு அம்மா போன் செய்யவில்லை, முருங்கைக்கீரையில் பூச்சி இருக்கிறது, நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போயிருக்கலாம் என்றெல்லாம் சொல்வேன். அது தலையைச் சாய்த்துக் கேட்கும். இதையெல்லாம் மெஷினிலிருந்து வந்தவரிடம் எப்படிச் சொல்வது?

கடைசியில் அவரே இறங்கி வந்தார். "சரி, மாங்கா பெருக்கற வரைக்கும் பாரு. அப்பறம் அண்ணன் வண்டி எடுத்துக்கினு வருவான். அழுதுகினு நிக்கக் கூடாது."

தை பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மாமரங்கள் பூ வைக்கத் தொடங்கிய நேரம்.

போனில் தேடினேன். நாய்களுக்கான பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள், குட்டி வகுப்பில் சேருங்கள், அமைதியான பெரிய நாய் வளர்க்கும் நண்பரை வீட்டுக்கு அழையுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அமைதியான நாய் இருக்கட்டும், வீட்டுக்கு அழைக்க எனக்கு இங்கே ஒரு நண்பர் வேண்டுமே. அம்மாவிடம் சொன்னபோது, "நாய்க்குச் சேக்காளி தேடுற. கொழந்தைக்கு ஒண்ணு தேடினியா?" என்றாள்.

எங்கே தப்பு என்பதைக் காட்டியது மகள்தான். ஒரு நாள் சன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள். தெருவில் ஒரு வெள்ளை நாய் போனது. குட்டி குரைத்தது. மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, "பொறை!" என்றாள். குட்டியும் குரைப்பதை நிறுத்திவிட்டு, கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியைத் திரும்பிப் பார்த்தது. இரண்டு பேரும் ஒரே மாதிரி, நான் ஏன் இன்னும் எழுந்திருக்கவில்லை என்பது போலப் பார்த்தார்கள்.

சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கணக்குப் படித்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நாயைப் பார், குரை, தீனி வரும். இதை நானே, ஒவ்வொரு நைட் வாரமும் நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு முறை, அவர் தூக்கத்தின் பெயரால் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அப்படியானால் மாற்றியும் சொல்லிக்கொடுக்கலாம் அல்லவா? குரைத்த பிறகு கொடுத்ததைக் குரைக்கும் முன் கொடுத்தால்? அதற்கு அமைதியாக இருக்கிற நாய்கள் வேண்டும், போதுமான தூரமும் வேண்டும்.

எங்கள் தெருமுனையில் மதியம் இரண்டரைக்கு காலை ஷிப்ட் பஸ்கள் வந்து நிற்கும். இறங்குகிறவர்களில் பலர் டீக்கடைக்கு எதிரே போய், டிபன் டப்பாவில் மிச்சமிருக்கும் சோற்றை அங்கே கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். மிச்சத்தோடு டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனால், ஏன் சாப்பிடவில்லை, சமையல் பிடிக்கவில்லையா என்று கேள்வி வரும். என் கணவரும் அதைச் செய்கிறவர்தான் என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. அந்தச் சோற்றுக்கு இந்தப் பகுதியின் நாய்கள் பன்னிரண்டும் வரும். மூன்றேகாலுக்குள் தின்று முடித்து, நின்றிருக்கும் லாரிகளின் நிழலில் கால் நீட்டிப் படுத்துவிடும். நாலரை வரை எதையும் சட்டை செய்யாது. இதைவிட நல்ல பூங்கா எங்கே கிடைக்கும்?

மகளைத் தொட்டில் துணியால் முதுகோடு கட்டிக்கொண்டேன். டீக்கடையிலிருந்து ஒன்பதாவது மின்கம்பத்தில் ஆரம்பித்தோம். அங்கிருந்து நாய்கள் பொட்டுப் பொட்டாகத்தான் தெரியும். குட்டி அவற்றைப் பார்க்கும், வாய் திறப்பதற்குள் ஒரு துண்டு பொறை. மறுபடி பார்க்கும், மறுபடி ஒரு துண்டு. பத்து நிமிடம், பிறகு வீடு. நான்கு நாள் கழித்து எட்டாவது கம்பம். ஏழாவதில் ஒரு நாள் நான் கைபேசியைப் பார்த்த நேரத்தில் குரைத்துவிட்டது. மீண்டும் எட்டுக்குப் போனேன். அவசரப்பட்டோமா, போதாதா என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசிப்பேன்.

நாங்கள் வந்தால் ஆட்கள் சாலையின் அந்தப் பக்கம் போவார்கள். பால்காரர் பாக்கெட்டைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டுப் போகத் தொடங்கியிருந்தார். நாய் வளர்த்தால் தெருவில் நாலு பேர் நின்று பேசுவார்கள் என்று ஒருகாலத்தில் நான் நினைத்ததுண்டு.

பேசியவர் டீக்கடைக்கார அம்மா மட்டும்தான். நான்காவது கம்பத்துக்கு வந்திருந்தபோது கரண்டியோடு வெளியே வந்தார்.

"இன்னாம்மா, டெய்லியும் நாய்க்கு கிளாஸ் எடுக்கற போல?"

"பழக்குறேன்மா. மத்த நாயப் பாத்தா கொலைக்குது."

"பாஸ் ஆச்சின்னா சொல்லு. எங்க ஊட்டுக்காரரையும் அனுப்பி உடறேன். அது ஆளப் பாத்தா கொலைக்குது."

உள்ளே பெஞ்சில் இருந்த அவர் கணவர் எதையோ முணுமுணுக்க, "பாத்தியா, பாத்தியா, ஆரம்பிச்சிடுச்சி" என்றார். நான் சிரித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன் போல, முதுகிலிருந்த மகளும் காரணம் தெரியாமல் சிரித்தாள். அன்றிலிருந்து அவர் கொதிக்க வைத்த பாலில் மகளுக்கு அரை டம்ளர் ஆற்றிக்கொண்டுவந்து தருகிறார். ஆனால் குட்டி இருக்கும் பக்கம் வரமாட்டார். கம்பத்துக்கு அந்தப் பக்கம் டம்ளரை வைத்துவிட்டுப் போவார்.

பங்குனியில் இரண்டாவது கம்பம். காது கிழிந்த செவலை அன்று லாரிக்கு அடியில் படுத்திருக்கவில்லை. எழுந்து, சோம்பல் முறித்து, எங்களை நோக்கி நேராக வந்தது. திரும்பிப் போக எனக்கு நேரம் இருந்தது. போகவில்லை. கயிற்றைக் கையில் சுற்றுவதை நான் எப்போதோ விட்டிருந்தேன், விரல்களில் தொங்கியபடி இருந்தது. குட்டி என்னைப் பார்த்தது. பொறை கொடுத்தேன். செவலை பக்கவாட்டாக, தரையை மோந்தபடி, எங்களைப் பார்க்காதது போல வந்து குட்டியின் பின்னால் நின்றது. மோந்தது. குட்டி அசையவில்லை. பிறகு அதுவும் திரும்பி மோந்தது. அதன் குட்டை வால் மெதுவாக ஆடியது. மனதுக்குள் ஐந்து வரை எண்ணி, "வா" என்றேன். வந்துவிட்டது.

டீக்கடை அம்மா அங்கிருந்தே, "ஒரு சப்ஜெக்ட் பாஸு!" என்று கத்தினார்.

கணவர் வேலைக்குப் போயிருந்தார். அன்று வந்ததும் சொன்னேன். பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "நல்லதுதான். ஒண்ணு ஆச்சி. மீதி பதினொண்ணு?"

அடுத்த நாளே அந்த வெள்ளை நாய் பக்கத்தில் வந்தபோது குட்டி தொண்டைக்குள் உறுமியது. கடிக்கவில்லை, குரைக்கவும் இல்லை. ஆனால் அந்த உறுமல் கயிற்றின் வழியாக என் கைக்கு வந்தது. மறுபடி நான்காவது கம்பத்துக்குப் போனோம். இப்போது செவலை தினமும் எங்கள் கேட்டு வரை வருகிறது. இரண்டும் கம்பியின் இரு பக்கமும் படுத்துக்கொள்கின்றன. குட்டி மற்ற நாய்களில் இரண்டைப் பொறுத்துக்கொள்கிறது, ஒன்றைப் பார்த்தால் ரோமம் நிமிர்கிறது, மீதி எட்டை நான் இன்னும் பக்கத்தில் விட்டுப்பார்க்கவில்லை. குட்டிக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. எடை என்னைத் தூக்கிப் போடும் அளவுக்கு வந்துவிட்டது. ஒன்றரை வயதுக்கு மேல்தான் இந்த இனத்தின் உண்மையான குணம் தெரியும் என்று மருத்துவர் சொல்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டிலிருந்து போன் வந்தது. காய் பெருத்துவிட்டதாம், பதினைந்து நாளில் வண்டி வருகிறதாம். நான் அவரைப் பார்த்தேன். போனைக் கையால் மூடிக்கொண்டு, "நீயே சொல்லு. அனுப்பறதுன்னாலும் சரி, வெச்சிக்கறதுன்னாலும் சரி, உன் மேல உடறேன். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "வண்டி வர்றதுக்குள்ள சொல்றேங்க" என்று மட்டும் சொன்னேன்.

மகளின் உதட்டுத் தழும்பைப் பார்க்கும்போது அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்கிறேன். மூன்று மணிக்குக் குட்டி கயிற்றைத் தானே வாயில் கவ்விக்கொண்டு வந்து நிற்கும்போது முடிவு போய்விடுகிறது. எனக்காக வைத்துக்கொள்கிறேனா, அதற்காகவா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. கேட்பதற்கு இங்கே ஆளும் இல்லை.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். இப்படிப்பட்ட பலமான இனத்து நாயைச் சின்னக் குழந்தை இருக்கிற வீட்டில், தெருநாய்களுக்கு நடுவில் வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு தொடங்கினாலும் பழகுமா? ஒரு நாயோடு சிநேகமானது மற்றவற்றோடும் ஆகும் என்பதற்கு அடையாளமா, இல்லை அந்த ஒன்றோடு மட்டும்தானா? வாய்மூடி போட்டுக் கூட்டிப் போனால் அதற்குப் பயம் கூடுமா, குறையுமா? பழகாமல் போய், கடைசியில் அனுப்பியவர்கள் இருந்தால் அவர்களும் எழுத வேண்டும். உங்களுக்கு எது நடந்தது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். வண்டி வர இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.